நிற்காமல் ஓடும் ஃப்ளஷ் டேங்க்: சரிசெய்யும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஃப்ளஷ் டேங்கில் சத்தம் கேட்டதும் பலரும் மூடியைத் திறந்து மிதவையை ஆட்டிப் பார்க்கிறார்கள். சத்தம் நின்றுவிடும், சரியாகிவிட்டது என்று மூடிவிடுவார்கள். மறுநாள் மறுபடியும் ஆரம்பிக்கும். தண்ணீர் எந்த வழியாக வெளியேறுகிறது என்று பார்க்காமல் கை வைப்பதுதான் இதில் பெரிய தவறு.

பெரும்பாலும் வழி இரண்டுதான். அடியில் இருக்கும் வாஷர் சரியாக உட்காராமல் கோப்பைக்குள் கசியும். அல்லது தண்ணீர் நிரப்பும் வால்வு மூடாமல் மட்டம் ஏறி, ஓவர்ஃப்ளோ குழாய்க்குள் வழியும். டேங்க் நிரம்பியதும் டேங்குக்குத் தண்ணீர் வரும் வழியை அடைக்க சுவரில் உள்ள ஆங்கிள் காக்கை மூடிவிட்டு, தண்ணீர் மட்டத்தில் பென்சிலால் ஒரு கோடு போடுங்கள். அரை மணி நேரம் யாரும் ஃப்ளஷ் செய்ய வேண்டாம். மட்டம் கோட்டுக்குக் கீழே போயிருந்தால் அடி வாஷர். அசையாமல் இருந்தால் நிரப்பும் வால்வு. சத்தமும் துப்பு கொடுக்கும்: யாரும் தொடாமலே ராத்திரியில் திடீரென்று டேங்க் நிரம்பினால் அடிக்கசிவு, விடாமல் 'ஸ்ஸ்' என்று கேட்டால் நிரப்பும் வால்வு.

அடி வாஷர் கசியும்போது மிதவையை எவ்வளவு இறக்கினாலும் பயன் இல்லை. அதேபோல, ஆங்கிள் காக்கைப் பாதி மூடி வைப்பதையே நிரந்தர வைத்தியமாக்கிவிடுகிறார்கள். சத்தம் குறையும், கசிவு குறையாது. நிமிடத்துக்கு ஒரு தம்ளர், அதாவது 200 மில்லி போனாலே ஒரு நாளைக்கு 288 லிட்டர். கோடையில் லாரித் தண்ணீர் வாங்கும் வீட்டில் இதை விட்டுவைக்கவே கூடாது. டேங்க் நிரம்பி மூடும்போது 'டொக்' என்று குழாய் அதிர்ந்தால் மட்டும் ஆங்கிள் காக்கைக் கொஞ்சம் மூடலாம். பிரஷர் பம்ப் வைத்த வீடுகளில் இது நடக்கும். அங்கே அழுத்தம்தான் காரணம்.

போர் தண்ணீர் வரும் இடங்களில் வாஷர் கெட்டிருக்கவே வேண்டியதில்லை. உப்பு படிந்து, ரப்பருக்கும் அது உட்காரும் விளிம்புக்கும் நடுவே சொரசொரப்பாக நிற்கும். கழற்றி, வினிகரில் கொஞ்ச நேரம் ஊறவைத்து, பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்தாலே பாதிக் கேஸ்கள் சரியாகிவிடும் என்பது என் எண்ணம். அவசரத்தில் டேங்குக்குள் ஆசிட் ஊற்றாதீர்கள். உள்ளே இருக்கும் ரப்பரையும் உலோகத் திருகுகளையும் அது அரித்துவிடும். டேங்குக்குள் போடும் குளோரின் மாத்திரைகளும் நாளடைவில் ரப்பரைக் கெடுக்கும். தண்ணீரை மிச்சப்படுத்த செங்கல் போடுவதும் வேண்டாம்; கரைந்து வரும் மண் வாஷருக்கடியில் போய் உட்காரும்.

இரட்டைப் பட்டன் டேங்குகளில் பலர் கவனிக்காத ஒன்று, பட்டனுக்கு அடியில் இருக்கும் கம்பிகளின் நீளம். கம்பி ஒரு துளி அதிகமாக நீண்டிருந்தால் மூடியை வைத்ததுமே வால்வை லேசாக அழுத்திக்கொண்டிருக்கும். மூடியைத் திறந்தால் கசிவு நிற்கிறது, மூடினால் வருகிறது என்றால் இதுதான் காரணம். கம்பியைத் திருகிச் சற்றே குறைத்தால் போதும். இது தெரியாமல் முழு செட்டையும் மாற்றிச் செலவழிப்பவர்கள் உண்டு.

மாற்றித்தான் ஆக வேண்டும் என்றால் பழைய வாஷரைக் கையோடு கடைக்குக் கொண்டுபோங்கள். பார்வைக்கு ஒன்றுபோல் இருந்தாலும் அளவு மாறும். புதிய வால்வைப் பொருத்துமுன் ஆங்கிள் காக்கை ஒரு பக்கெட்டுக்குள் திறந்துவிட்டு, குழாயில் கிடக்கும் மணலை வெளியேற்றுங்கள். இதை விட்டால் புது வால்வும் அன்றைக்கே அடைத்துக்கொள்ளும். பிளாஸ்டிக் நட்டைக் கையால் இறுக்கினால் போதும், ஸ்பேனர் போட்டு முறுக்கினால் விரிசல் விடும். உள்ளே ரப்பர் வாஷர் இருக்கிற இணைப்பில் டெஃப்லான் டேப் சுற்ற வேண்டியதும் இல்லை. நிரப்பிப் பார்க்கும்போது தண்ணீர் ஓவர்ஃப்ளோ குழாயின் வாய்க்கு 2 செ.மீ. கீழே நிற்கும்படி மிதவையை வைத்துவிடுங்கள்.

சுவருக்குள் புதைத்த டேங்க் என்றால் உடனே டைல்ஸை உடைக்க ஒத்துக்கொள்ளாதீர்கள். பட்டன் பலகையைக் கழற்றினால் வால்வு, வாஷர் இரண்டையும் அந்தத் திறப்பு வழியாகவே வெளியே எடுக்கலாம்.