கோபம் எங்கே கிளம்பி எங்கே இறங்குகிறது: 14 நாள் நோட்டு

40 பக்க நோட்டு ஒன்று போதும். ஐந்து கட்டம் போடுங்கள்: நேரம், எதிரே இருந்தவர், அவர் உங்களுக்கு மேலா கீழா சமமா, உடம்பில் எங்கே தெரிந்தது, என்ன செய்தீர்கள். ‘காரணம்’ என்ற கட்டம் வேண்டாம்; போட்டால் நோட்டு புகார் மனுவாகிவிடும்.

மூன்றாவது கட்டம்தான் உயிர். வயதையும் பதவியையும் மட்டும் பார்க்காதீர்கள். அவரிடம் எரிந்து விழுந்தால் உங்களுக்கு என்ன நஷ்டம்? சம்பளமோ வாடகை வீடோ போகும் என்றால் அவர் மேல். ஒன்றும் ஆகாது என்றால் கீழ். வெகுளாமை அதிகாரத்தில் வள்ளுவர் ‘செல்லிடம்’, அதாவது கோபம் செல்லுபடியாகும் இடம், என்றது இந்தக் கீழைத்தான்.

கோபம் வந்த ஒரு மணி நேரத்துக்குள் எழுதிவிடுங்கள். இரவுக்குத் தள்ளினால் மனம் தன் பக்க நியாயத்தைச் சேர்த்துக்கொள்ளும். கத்தியதை மட்டும் எழுதுவதுதான் பலரும் செய்யும் தவறு. கோபப்பட இடம் இல்லாதவருக்கு அது அழுகையாக, தலைவலியாக, பாத்திரத்தை ‘டங்’கென்று வைப்பதாக, இரண்டு நாள் பேசாமல் இருப்பதாக வரும். மகன் கத்தினால் கண்டிப்பு, மருமகள் குரல் உயர்ந்தால் வாய்த்துடுக்கு என்கிற வீட்டில் இவற்றை எழுதாவிட்டால் அவள் நோட்டு காலியாகவே கிடக்கும்.

ஒரு பக்கம் இப்படி இருக்கும்: காலை 10.40, மேனேஜர், மேல், தாடை இறுக்கம், “சரி சார்.” இரவு 7.15, பால் சிந்திய மகன், கீழ், காது சூடு, கத்தல்.

14-ஆம் நாள், விழுங்கிய வரியிலிருந்து வெடித்த வரிக்கு அம்புக்குறி போடுங்கள். வலிந்து போடாதீர்கள், சிந்திய பாலுக்கே வந்த கோபமும் உண்டு. மூன்று அம்பு ஒரே ஆளிடம் போய் நின்றால், ஊருக்கு இளைத்தவர் உங்கள் வீட்டில் யார் என்று தெரிந்துவிடும். அவர் முகத்தில் விழிப்பதற்கு முன் 15 நிமிடம் தெருமுனையிலேயே கழித்துவிட்டுப் போங்கள்.

அம்பு கிளம்பும் இடத்தையும் விடக் கூடாது. மறுநாள், ஆள் இல்லாத நேரத்தில், எல்லார் முன்னாலும் திட்டிய மேனேஜரிடம் ஒரே வாக்கியம்: “தப்பு இருந்தா தனியா கூப்பிட்டுச் சொல்லுங்க சார்.” வேலைக்கே ஆபத்து என்றால் தனியாகப் போகாதீர்கள். அதே மேனேஜரிடம் விழுங்குகிறவர்கள் பக்கத்து மேசையிலும் இருப்பார்கள். அவர்களிடம் பேசுங்கள், சங்கம் இருந்தால் அங்கே போங்கள். மூச்சுப் பயிற்சி படபடப்பைத் தணிக்கும். மேனேஜர் பிடித்துக்கொண்ட சம்பளத்தைத் திருப்பித் தராது.

அம்பு முனையில் அடி விழுகிறது என்றால் இது நோட்டு வேலை அல்ல. இந்தியாவில் பெண்களுக்கு 181, குழந்தைகளுக்கு 1098.