தார்டென் சகோதரர்களின் அடுத்த படத்துக்குக் காத்திருப்பது எப்படி?

பெல்ஜியத் திரைப்பட இயக்குநர்களான ழான்-பியர் தார்டென், லூக் தார்டென் சகோதரர்கள் அடுத்த படத்தை அறிவித்தால் நான் முதலில் செய்வது, கதைச் சுருக்கத்தின் பக்கமே போகாமல் இருப்பது. டிரெய்லரும் வேண்டாம்.

இதைப் பட்டுத்தான் கற்றுக்கொண்டேன். அவர்களுடைய 'தி சன்' (2002) படத்தில் ஒரு தச்சு ஆசிரியர், புதிதாக வந்த ஒரு பையனை ஒளிந்து ஒளிந்து பார்த்துக்கொண்டே இருப்பார். ஏன் என்று நாம் தவிக்க வேண்டும். எனக்கு அந்தத் தவிப்பு கிடைக்கவில்லை. டிவிடி உறையின் பின்பக்கத்தைப் படித்துத் தொலைத்திருந்தேன்!

அடுத்து, பழைய படங்களை மறுபடியும் பாருங்கள். எல்லாவற்றையும் அல்ல, வாரத்துக்கு ஒன்று போதும். வரிசையாகப் பார்த்தால் ஒன்றோடு ஒன்று குழம்பிவிடும். கான் திரைப்பட விழாவின் உச்ச விருதான தங்கப் பனையைப் பெற்ற இரண்டையும் விடாதீர்கள்: 'ரோசெட்டா' (1999), 'தி சைல்ட்' (2005).

பார்க்கும்போது முகத்தைவிடக் கைகால்களைக் கவனியுங்கள். ரோசெட்டா வீடு திரும்பும்போது நெடுஞ்சாலையைக் கடந்து மரங்களுக்குள் நுழைவாள். அங்கே ஒரு குழாய்க்குள் ரப்பர் பூட்ஸ் ஒளித்து வைத்திருப்பாள். அதை மாட்டிக்கொண்டு, நல்ல காலணியைக் குழாய்க்குள் வைத்துவிட்டுச் சேற்றில் நடப்பாள். முதல்முறை பார்த்தபோது இது என் கண்ணில் படவே இல்லை. மூன்றாம் முறைதான் உறைத்தது: வேலை தேடிப் போகிற பெண்ணிடம் உருப்படியாக இருப்பது அந்த ஒரு ஜோடிதான், அதில் சேறு படக்கூடாது. இதை யாரும் வசனமாகச் சொல்வதில்லை. 'தி சன்' படத்திலும் அப்படி ஓர் இடம் உண்டு. இரண்டு பேர் நிற்கும் இடைவெளியைத் தச்சர் கண்ணாலேயே அளந்து சொல்வார். பையன் அளவுகோலை வைத்துச் சரிபார்ப்பான். அந்தத் தூரம் எதைக் குறிக்கிறது என்பதை நீங்களே கண்டுபிடியுங்கள்.

இன்னொன்று: இவர்கள் வாரக்கணக்கில் ஒத்திகை பார்த்து, கதை நடக்கும் வரிசையிலேயே படம் பிடிப்பவர்கள். நடிகரின் முகத்தில் ஏறும் களைப்பு கதையோடு சேர்ந்தே வளர்ந்தது. அதனால் நடுவில் நிறுத்திவிட்டு மறுநாள் தொடராதீர்கள். பெரும்பாலும் ஒன்றரை மணி நேரம்தான்.

புதிய படம் வரும் நாளில் பேச்சுத்துணை வேண்டாம். பக்கத்தில் அமைதியாக உட்காரக்கூடிய ஒருவர் போதும். படம் சட்டென்று அறுந்ததுபோல முடியும். விளக்கு எரிந்தாலும் எழுந்துவிடாதீர்கள்.