உவரிலும் களரிலும் எண்ணெய் மரம்: நடுவதற்கு முன்பே நடந்துவிடும் தவறுகள்

உப்பைத் தாங்கும் செடி வேறு, உப்பு நிலத்தில் விளைச்சல் தரும் செடி வேறு. தரிசில் எண்ணெய் மரங்களை நட்டுக் கைவிட்ட பலரும் இரண்டையும் ஒன்றென்று நம்பியவர்கள்தான். 2000-களின் தொடக்கத்தில் பயோடீசலுக்காக நடப்பட்ட காட்டாமணக்குக்கு நேர்ந்ததும் அதுவே. தண்ணீர் இல்லாவிட்டாலும் அது சாகாது. ஆனால் தண்ணீரும் உரமும் இல்லாமல் காய்க்காது. நட்டவர்கள் காதில் முதல் பாதிதான் விழுந்தது. போதாக்குறைக்கு, அது வறட்சியைத் தாங்கும் அளவுக்கு உப்பைத் தாங்காது.

வெள்ளை பூத்த நிலமெல்லாம் ஒன்றல்ல

உவர் நிலத்தில் கரையும் உப்பு மிகுதி: உப்பின் அளவைக் காட்டும் மின்கடத்துதிறன் (இ.சி.) மீட்டருக்கு 4 டெசிசைமனுக்கு மேல், கார அமில நிலையைக் காட்டும் பி.எச். 8.5-க்குக் கீழ். களர் நிலத்தில் சோடியம் மண்துகளோடு ஒட்டிக்கொண்டிருக்கும்: அதன் பங்கு 15 சதவீதத்துக்கு மேல், பி.எச். 8.5-ஐத் தாண்டும். உவருக்கு நல்ல தண்ணீரும் வடிகாலும் போதும். களருக்கு முதலில் ஜிப்சம் வேண்டும். அதிலுள்ள கால்சியம் சோடியத்தைப் பெயர்த்த பிறகுதான் தண்ணீர் கட்டிக் கழுவ வேண்டும்.

இதை மாற்றிச் செய்வதைவிடப் பெரிய தவறு கிடையாது. வெறும் உவருக்கு ஜிப்சம் போட்டால் செலவுதான் மிச்சம். களர்த்தன்மையுள்ள நிலத்தை ஜிப்சம் இல்லாமல் கழுவினாலோ, கரையும் உப்பு போய்ச் சோடியம் தங்கிவிடும். மண்துகள்கள் பிரிந்து துளைகளை அடைக்கும், நிலம் முன்பைவிட இறுகும்.

ஆய்வுக்கூடத்துக்குப் போகுமுன் ஒரு சோதனை: காய்ந்த மண் கட்டி ஒன்றைக் கண்ணாடிக் குவளையில் மழைநீர் ஊற்றி, கலக்காமல் விடுங்கள். சில மணி நேரத்தில் கட்டியைச் சுற்றிப் பால்போல் கலங்கினால் சோடியம் இருக்கிறது. உப்பு மிகுந்திருந்தால் இந்தக் கலங்கல் தெரியாமல் மறைந்துவிடும் என்பதால், தெளிந்த நீரை மட்டும் நம்பி முடிவெடுக்கக் கூடாது.

மாதிரியை 15 செ.மீ. ஆழத்தோடு நிறுத்துவதும் தவறு. மரத்தின் வேர் அங்கே நிற்கப்போவதில்லை. 0–15, 15–30, 30–60, 60–90 செ.மீ. என்று தனித்தனியாக எடுங்கள். அறிக்கை வந்ததும், இ.சி. எந்த முறையில் அளந்தது என்று பாருங்கள். நிறைகரைசலில், அதாவது மண்ணை நீர் நிறையும்வரை குழைத்துப் பிழிந்தெடுத்த நீரில், அளந்தால் வரும் எண், 1:2 மண்–நீர்க் கரைசலில் வருவதைவிட இரண்டு மடங்கோ அதற்கு மேலோ இருக்கும். செடிகளின் தாங்குதிறன் பட்டியல்கள் பெரும்பாலும் நிறைகரைசல் கணக்கில் எழுதப்பட்டவை.

குழி

களர் நிலத்தில் அகலமான ஆழமற்ற குழி எடுத்தால், இரண்டு மூன்று ஆண்டு நன்றாக வளரும் மரம் திடீரென்று நின்றுவிடும். அடியில் சுக்கான் படுகை, அதாவது இறுகிய சுண்ணாம்புக்கல் அடுக்கு, இருக்கும்; வேர் அதில் முட்டித் திரும்பியிருக்கும். இயந்திரத் துளைப்பானால் 20–25 செ.மீ. அகலத்தில் 120 செ.மீ.க்கு மேல் துளைத்து, அந்தப் படுகையைத் தாண்ட வேண்டும். எடுத்த மண்ணோடு 3 கிலோ ஜிப்சமும் 8 கிலோ மக்கிய தொழு உரமும் கலந்து நிரப்புங்கள். மேலே பூத்திருக்கும் உப்பை முதலிலேயே சுரண்டி அகற்றுங்கள், அதைக் குழிக்குள் தள்ளிவிடாதீர்கள்.

உவர் நிலத்தில் பாரின் உச்சியில் நடுவது வழக்கமான பிழை. நீர் ஆவியாகும்போது உப்பு ஏறி நிற்கும் இடம் அதுதான். பாரின் சரிவிலோ சாலிலோ நடுங்கள். நிலத்தடி நீர் ஒன்றரை மீட்டருக்குள் இருந்தால், வடிகால் வெட்டாமல் எதை நட்டும் பயனில்லை.

எந்த மரம்

கடும் உவருக்கு உகாய். அதன் விதையில் ஏறத்தாழ 40 சதவீதம் எண்ணெய், சோப்புக்கு ஏற்றது. புன்னை கடற்காற்றுக்கும் மணலுக்கும் உரியது, இறுகிய களருக்கு அல்ல. புங்கம் நடுத்தர உப்பைத் தாங்கும், விதையில் 30–40 சதவீதம் எண்ணெய் தரும். ஆனால் விதைக்கன்றுகள் மரத்துக்கு மரம் காய்ப்பில் மாறும். நன்றாகக் காய்க்கும் தாய்மரத்தின் ஒட்டுக்கன்றுதான் நம்பகமானது. வேம்புக்கு நீர் தேங்கினால் ஆகாது.

கடல்நீரிலேயே வளரும் உமரி வகையான சாலிகோர்னியாவின் விதையில் 26–33 சதவீதம் எண்ணெய் உண்டு. உப்பு வேரடியில் சேராமலிருக்க அதற்குத் தேவைக்கு மேல் கடல்நீர் பாய்ச்சியாக வேண்டும். மணற்பாங்கான மண் வேண்டும். அடியில் நன்னீர் ஊற்று இருக்கும் இடத்தில் இதைத் தொடவே கூடாது. ஊற்று கெட்டால் மீட்க முடியாது.

உப்பு தாங்கும் செடியின் விதைகூட நல்ல தண்ணீரில்தான் நன்றாக முளைக்கும். நேரடியாக விதைக்காமல், நாற்றங்காலில் 6–9 மாதம் வளர்த்து, கடைசி மாதத்தில் நடப்போகும் நிலத்தின் உப்பு நீரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து பழக்கி, மழைக்காலத் தொடக்கத்தில் நடுங்கள். பிறகு தினமும் ஒரு குவளை ஊற்றுவது கெடுதல்: நீர் ஆவியாகும், உப்பு வேரடியில் தங்கும். இடைவெளி விட்டு, வேருக்குக் கீழே வடியுமளவு பாய்ச்சி மூடாக்கு போடுங்கள்.

அறுவடைக்குப் பின் ஈர விதையைக் குவித்து வைத்தால் எண்ணெயில் தனித்துப் பிரிந்த கொழுப்பு அமிலம் ஏறும். அது 2 சதவீதத்தைத் தாண்டினால், பயோடீசல் கலனில் காரம் சேர்க்கும்போது எரிபொருளோடு சோப்பும் உருவாகிப் பிரிக்கத் திணறவைக்கும். காய்களைப் பறித்ததும் உலர்த்தி, காற்றோட்டமான இடத்தில் மூட்டை கட்டுங்கள். காட்டாமணக்கு, புங்கப் பிண்ணாக்கை மாட்டுக்கு வைக்காதீர்கள். இரண்டும் வயலுக்கு உரமாகட்டும்.