பெஞ்ச் கிரைண்டர்: வேகத்தில் எங்கே ஏமாறுகிறோம்?

பெஞ்ச் கிரைண்டர் என்றால் மேஜையில் பொருத்தி, சுழலும் சாணை வீலில் உளியையும் டூலையும் தீட்டும் மெஷின். அமெரிக்க வீடியோ பார்த்துவிட்டுப் பாரிமுனைக் கடைகளில் “1,725 ஆர்.பி.எம். (நிமிடத்துக்கு இத்தனை சுற்று) கிரைண்டர் இருக்கா?” என்று கேட்டால் கடைக்காரர் முழிக்கத்தான் செய்வார். அங்கே மின்சாரம் 60 ஹெர்ட்ஸ், நமக்கு 50. மோட்டாரின் வேகம் அதைப் பொறுத்தது. இங்கே சாதாரண கிரைண்டர் 2,800, 2,900 என்று ஓடும். மெதுவான ரகம் 1,400 சொச்சம். வீடியோக்காரர் சொல்லும் 1,725க்கு நம் ஊரில் ஈடு அதுதான்.

அடுத்த தவறு, ஆர்.பி.எம்.மை மட்டும் பார்ப்பது. இரும்பை உரசுவது வீலின் விளிம்பு. 2,850 ஆர்.பி.எம்.மில் 6 அங்குல வீலின் விளிம்பு நொடிக்குச் சுமார் 23 மீட்டர் ஓடுகிறது. 8 அங்குலம் என்றால் 30 மீட்டர். அதே 8 அங்குலம் 1,440இல் 15 மீட்டர்தான். தச்சு உளி, இழைப்புளித் தகடு பிடிப்பவர்களுக்கு இந்த 15 நல்லது. வேகம் கூடினால் சூட்டில் கார்பன் ஸ்டீல் உளியின் மெல்லிய முனை கண் இமைக்கும் நேரத்தில் நீலம் பாய்ந்துவிடும். அந்த இடத்தில் கடினம் போயிற்று என்று அர்த்தம். நீலத்தைத் தாண்டித் தேய்த்து எடுத்தால்தான் முனை மறுபடி நிற்கும்.

அதற்காக எல்லோரும் மெதுவான மெஷின் வாங்க வேண்டியதில்லை. அம்பத்தூர்ப் பக்கம் லேத் பட்டறை வைத்து, ஹை ஸ்பீடு ஸ்டீல் டூலும் டிரில் பிட்டும் பிடிப்பவருக்கு 2,850 சரி. அந்த ஸ்டீல் சூட்டை நன்றாகத் தாங்கும். 1,400இல் நேரம்தான் வீணாகும்.

வேகத்தைக் குறைத்தும் உளி சுடுகிறதா? வீலின் முகத்தைப் பாருங்கள். கண்ணாடி மாதிரி பளபளத்தால் அது வெட்டவில்லை, வெறுமனே உரசிச் சூடேற்றுகிறது. டிரெஸ்ஸர் (வீலின் மேல்பரப்பைச் சுரண்டிச் சீராக்கும் கருவி) போட்டு முகத்தைத் திறந்துவிடுங்கள். மெஷினோடு வரும் சாம்பல் நிற வீலைவிட வெள்ளை அலுமினா வீல் உளிக்குச் சூடு குறைவு.

சிங்கிள் பேஸ் மோட்டாருக்கு ஃபேன் ரெகுலேட்டர் மாட்டி வேகம் குறைக்கும் வித்தை வேண்டவே வேண்டாம். இழுவை போய், மோட்டாருக்குள் இருக்கும் கம்பிச் சுருள் (காயில்) சூடேறிக் கருகும்.

இதைவிட ஆபத்து, வீலை மூடியிருக்கும் பாதுகாப்புக் கவசத்தை (கார்டு) கழற்றிவிட்டுப் பெரிய வீல் மாட்டுவது. வீலின் லேபிளில் உள்ள அதிகபட்ச ஆர்.பி.எம். மோட்டாரின் வேகத்தைவிடக் குறைவாக இருந்தால் அந்த வீலைத் தொடாதீர்கள். வெடித்தால் துண்டுகள் முகத்துக்கு நேரேதான் வரும்.

வருஷக்கணக்கில் ஓடிய கிரைண்டர் “முன்ன மாதிரி வெட்ட மாட்டேங்குது” என்று மோட்டாருக்குப் புதுக் காயில் கட்டக் கொடுக்கிறார்கள். அதற்குமுன் வீலை அளந்து பாருங்கள். 8 அங்குலம் தேய்ந்து 6 ஆகியிருந்தால், மோட்டார் அதே வேகத்தில் ஓடினாலும் விளிம்பு வேகத்தில் கால் பங்கு போயிருக்கும்.