இயற்கை வேளாண்மைச் சங்கத்துக்கு நிர்வாகிகளைத் தேர்வது எப்படி?

சென்னையில் சங்கம் பதிய, 1975ஆம் ஆண்டுத் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டப்படி குறைந்தது 7 பேர் வேண்டும். நிர்வாகக் குழுவுக்கு 3 பேர் போதும். அந்த மூவரும் ஒரே வீட்டுக்காரர்களாக இருந்தால் கணக்கை யார் தட்டிக்கேட்பது?

முதல் நாற்காலி விவசாயிக்கு. திருவள்ளூர், செங்கல்பட்டுப் பக்கம் ரசாயன உரத்தை விட்டு, இயற்கை விளைபொருள் சான்றிதழுக்கு முன் காத்திருக்க வேண்டிய மாற்றுக் காலத்தை முழுசாகக் கடந்தவராகப் பாருங்கள்: நெல், காய்கறிக்கு 2 ஆண்டு, மா, தென்னைக்கு 3. தொடக்கத்தில் மகசூல் சரிவதைக் கண்ணால் பார்த்தவர்தான், 'ஆறே மாதத்தில் சான்றிதழ்' என்று நோட்டீஸ் அடிக்கக் கிளம்பும் நகரத்து உறுப்பினரைத் தடுப்பார்.

பொருளாளருக்குச் சங்கத்தின் வருமான வரிவிலக்கு (12ஏ), நன்கொடை தருபவருக்கான வரிச்சலுகை (80ஜி) இரண்டும் அத்துப்படியாக இருக்கட்டும். பட்டங்களைவிட, உரக்கடை, விதை நிறுவனத் தொடர்பு உண்டா என்பதை எழுதி வாங்குங்கள். நிர்வாகி மாறினால் பதிவாளருக்கு உடனே தெரிவியுங்கள். இல்லாவிட்டால் வங்கியில் கையெழுத்து மாற்றும்போது சிக்கல்.