பனிப்போரைப் படிக்கக் கோலமாவும் இரண்டு பத்தி நோட்டும்

மேலூரில் என் வீட்டு மொட்டைமாடியில் மாலை நேரத்தில் போட்டித் தேர்வுப் பிள்ளைகள் கூடுவார்கள். அரசுப் பள்ளியில் வரலாறு நடத்தி ஓய்வு பெற்றவள் நான். கொட்டாம்பட்டி, நத்தம் பக்கத்திலிருந்து பஸ் பிடித்து வரும் பிள்ளைகளும் உண்டு. அவர்களில் பலரும் தடுமாறும் பாடம் பனிப்போரின் தொடக்கம். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு அமெரிக்காவும் சோவியத் நாடும் நேரடியாகப் போரிடாமல் முறைத்துக்கொண்ட பகைதான் பனிப்போர். "பெர்லின் முற்றுகை எந்த ஆண்டு?" என்று கேட்டால் 1961 என்பார்கள். 1961இல் எழுந்தது பெர்லின் சுவர். முற்றுகை 1948இல் நடந்தது. தேதியை மட்டும் உருப்போட்டால் இப்படித்தான் குழம்பும். 1945 முதல் 1953 வரையிலான காலத்தை நான் நடத்தும் முறையை எழுதுகிறேன். வீட்டில் தனியாக உட்கார்ந்து படிப்பவர்களும் இதைச் செய்யலாம்.

வழிகாட்டிப் புத்தகத்தை முதல் நாள் திறக்கவே வேண்டாம். நோட்டு ஒன்றை எடுத்து ஒவ்வொரு பக்கத்திலும் நடுவே கோடு போடுங்கள். இடப்பக்கம் வாஷிங்டன், அதாவது அமெரிக்கா; வலப்பக்கம் மாஸ்கோ, அதாவது சோவியத் நாடு. எந்த நிகழ்ச்சி வந்தாலும் அது அங்கிருந்து பார்த்தால் எப்படித் தெரிந்தது, இங்கிருந்து பார்த்தால் எப்படித் தெரிந்தது என்று இரண்டு பக்கமும் எழுதியாக வேண்டும். ஒரு பக்கம் காலியாக இருந்தால் பாடம் பாதிதான் புரிந்திருக்கிறது.

முதல் பக்கத்தில் போரின் கணக்கு வரட்டும். இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கா ஏறத்தாழ 4 லட்சம் பேரை இழந்தது. சோவியத் நாடு இழந்தது சுமார் 2 கோடியே 70 லட்சம் பேரை. 1914இலும் 1941இலும் ஜெர்மனியோடு போர் மூண்டு, இரண்டு முறையும் எதிரிப் படை மேற்கு எல்லை வழியாகத்தான் உள்ளே வந்தது. இதை எழுதிய பிறகு கிழக்கு ஐரோப்பாவைச் சோவியத் தலைவர் ஸ்டாலின் ஏன் விடவில்லை என்பதைப் பிள்ளைகளே சொல்லிவிடுகிறார்கள். அங்கே அவர் நடத்திய அடக்குமுறையை அது நியாயமாக்கிவிடாது. அதையும் அதே பக்கத்தில் எழுதச் சொல்வேன்.

அணுகுண்டுக்குத் தனிப் பக்கம். 1945 ஜூலை 24 அன்று போட்ஸ்டாம் மாநாட்டில், புதிதாகப் பேரழிவு ஆயுதம் ஒன்று கையில் இருக்கிறது என்று அமெரிக்க அதிபர் ட்ரூமன் ஸ்டாலினிடம் சொன்னார். ஸ்டாலின் அலட்டிக்கொள்ளவில்லை. உளவாளிகள் வழியாக அவருக்கு அது முன்பே தெரியும். நான்கு ஆண்டுகளுக்குப் பிறகு, 1949 ஆகஸ்ட் 29 அன்று, சோவியத் நாடும் தன் குண்டை வெடித்துப் பார்த்தது. வரப்புத் தகராறில் பங்காளிகள் முறைத்துக்கொள்வது போல என்று இந்தப் பகையை விளக்குவது எளிது. ஆனால் வரப்புச் சண்டையில் ஊரே சாம்பலாகாது. அதனால் அந்த உவமையை நான் சொல்வதில்லை.

இனி வரைபடம். இந்தப் பாடத்துக்கு உயிர் இதுதான், அவசரப்பட வேண்டாம். மாடித் தரையில் கோலமாவால் ஜெர்மனியை வரைந்து, போரில் அதை வென்ற நாடுகள் பங்கிட்டுக்கொண்டது போல நான்காகப் பிரியுங்கள். கிழக்கு சோவியத்துக்கு, வடமேற்கு பிரிட்டனுக்கு, தெற்கு அமெரிக்காவுக்கு, தென்மேற்கு ஓரம் பிரான்சுக்கு. பெர்லினுக்கு ஒரு சிரட்டையைக் கவிழ்த்து வைக்கச் சொல்லுங்கள். பெரும்பாலும் கிழக்கும் மேற்கும் சந்திக்கும் கோட்டின் மேல்தான் வைப்பார்கள். வைக்கட்டும். பிறகு அதை எடுத்துச் சோவியத் பகுதிக்கு உள்ளே தள்ளி வையுங்கள். எல்லையிலிருந்து பெர்லின் சுமார் 160 கிலோமீட்டர், ஏறக்குறைய மதுரையிலிருந்து திருநெல்வேலி போகும் தூரம். பெர்லின் நகரையும் அந்த நான்கு நாடுகள் பங்கிட்டுக்கொண்டதால் சிரட்டையின் முதுகிலும் மாவால் நான்கு பங்கு போடுங்கள்; சோவியத் பங்கு போக மீதி மூன்றும் மேற்கு பெர்லின். சென்ற ஆண்டு ஒரு பெண் சிரட்டையையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "டீச்சர், அப்ப மேற்கு பெர்லின்காரர்களுக்கு அரிசி எப்படிப் போகும்?" என்று கேட்டாள். அந்தக் கேள்வி வந்துவிட்டால் முற்றுகை புரிந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளலாம்.

1948 ஜூன் 20 அன்று மேற்கு நாடுகள் தங்கள் பகுதிகளில் புதிய மார்க் நாணயத்தை வெளியிட்டன. வாஷிங்டன் பத்தியில், செத்துக் கிடந்த வணிகத்துக்கு உயிர் கொடுக்க என்று வரும். மாஸ்கோ பத்தியில், ஜெர்மனியைப் பிரித்து மறுபடியும் வலுவாக்கப் பார்க்கிறார்கள் என்று வரும். ஜூன் 24 அன்று மேற்கு பெர்லினுக்குப் போகும் சாலை, ரயில், கால்வாய் எல்லாவற்றையும் சோவியத் தரப்பு அடைத்தது. இதுதான் பெர்லின் முற்றுகை. வான்வழி மட்டும் ஏன் அடைபடவில்லை? சாலை, ரயில் உரிமைக்கு உறுதியான எழுத்து ஒப்பந்தம் இல்லை. மூன்று வான்பாதைகளுக்கு 1945 நவம்பரிலேயே ஒப்பந்தம் எழுதியாகிவிட்டது. விமானத்தைத் தடுக்க வேண்டுமானால் சுட்டு வீழ்த்த வேண்டும், சுட்டால் போர். பூக்கட்டும் வாழைநார் மூன்றை எடுத்து ஹாம்பர்க், ஹனோவர், ஃபிராங்ஃபர்ட் பக்கங்களிலிருந்து சிரட்டைக்கு இழுத்து வையுங்கள்.

மேற்கு நாடுகள் அந்த வான்பாதைகளில் விமானம் விட்டுத்தான் மேற்கு பெர்லினுக்குச் சரக்கு கொண்டுபோயின. அடுத்து எல்லாரும் கண்ணை மூடி ஒன்று முதல் அறுபது வரை எண்ண வேண்டும். எண்ணி முடித்தால் ஒரு விமானம் இறங்கிவிட்டது. மறுபடி எண்ண வேண்டும். 1949 ஏப்ரல் 16 அன்று 24 மணி நேரத்தில் 1,398 விமானங்கள் 12,941 டன் சரக்கை இறக்கின. லாரிக்குப் பத்து டன் என்று வைத்தால் ஏறக்குறைய 1,300 லாரி. மொத்தச் சரக்கில் மூன்றில் இரண்டு பங்கு நிலக்கரி. இருபது லட்சம் பேர் குளிர்காலத்தைத் தாண்ட வேண்டுமே. 1949 மே 12 அன்று முற்றுகை விலகியது. வகுப்பில் ஐந்தாவது நிமிடத்தில் பிள்ளைகளுக்கு எண்ணிச் சலித்துவிடும். பதினொரு மாதத்துக்குக் கொஞ்சம் குறைவாக நீண்ட முற்றுகை அது என்று அப்போது சொல்லுங்கள்.

மற்றவற்றைப் படிக்க ஒரு மாலை போதும். 1946 மார்ச் 5, ஐரோப்பாவின் குறுக்கே இரும்புத்திரை விழுந்துவிட்டது என்று பிரிட்டனின் முன்னாள் பிரதமர் சர்ச்சில் பேசிய பேச்சு. 1947 மார்ச் 12, கிரீஸுக்கும் துருக்கிக்கும் 40 கோடி டாலர் கேட்டு ட்ரூமன் பேசியது. அதே ஆண்டு ஜூனில், போரில் நொந்த ஐரோப்பாவுக்கு அமெரிக்கா பண உதவி தர முன்வந்த மார்ஷல் திட்டம். 1949 ஏப்ரல் 4, பன்னிரண்டு நாடுகளோடு நேட்டோ என்ற மேற்கு நாடுகளின் ராணுவக் கூட்டணி. மார்ஷல் திட்டத்தில் மட்டும் ஒரு நிமிடம் நில்லுங்கள். செக்கோஸ்லோவாக்கியா முதலில் சம்மதித்து, மாஸ்கோ கண்டித்த பிறகு விலகியது. அடுத்த பிப்ரவரியில் அங்கே கம்யூனிஸ்ட் ஆட்சி. இந்த இரண்டையும் அடுத்தடுத்து எழுதினால் ஒன்று மற்றதை நினைவூட்டும்.

கடைசியாக, வட கொரியாவும் தென் கொரியாவும் மோதிய கொரியப் போர். 1950 ஜூன் 25 அன்று தொடங்கி 1953 ஜூலை 27 அன்று போர்நிறுத்தத்தில் நின்றது. தங்கள் நாட்டுக்குத் திரும்ப மறுத்த போர்க்கைதிகள் இருபதாயிரத்துக்கும் மேல். அவர்களை என்ன செய்வது என்று முடிவு செய்ய ஐந்து நாடுகளின் ஆணையம் அமைந்தது. தலைவர் நம் ஜெனரல் திம்மையா. கைதிகளுக்குக் காவல் நின்றதும் இந்தியப் படைதான். இந்தப் பக்கமும் வேண்டாம், அந்தப் பக்கமும் வேண்டாம் என்ற எண்பதுக்கும் மேற்பட்ட கைதிகள் 1954இல் நம் வீரர்களோடு கப்பலேறிச் சென்னைத் துறைமுகத்தில் வந்து இறங்கினார்கள். இதை இரண்டு பத்தியில் எதில் எழுதுவது என்று பிள்ளைகள் விழிப்பார்கள். அப்போது இன்னொரு கோடு போட்டு, டெல்லி என்று தலைப்பு எழுதச் சொல்லுங்கள். இரண்டு அணியிலும் சேராத நாடுகளின் அணிசேரா இயக்கப் பாடத்தை மறுநாள் அந்தப் பத்தியிலிருந்து தொடங்கலாம்.