மெஷினை இறக்கும் முன் மாஸ்டரிடம் பேசுங்கள்: பனியன் கம்பெனிகள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன மாதம் திருப்பூரில் ஒரு தம்பி, புதிதாக வந்த ஆட்டோ கட்டிங் மெஷினைப் பார்க்க வாங்கண்ணா என்று கூப்பிட்டார். அப்பாவிடமிருந்து கம்பெனிப் பொறுப்பை இப்போதுதான் வாங்கியிருக்கிறார். மெஷின் அருமையாக ஓடியது. என் கண் மட்டும் சுவரோரம் கையைக் கட்டிக்கொண்டு நின்ற கட்டிங் மாஸ்டர் மேலேயே இருந்தது. பத்து வருடம் முன்பு என் கம்பெனியிலும் ஒருவர் அப்படித்தான் நின்றார். அப்போது எனக்கு அது புரியவில்லை.

கணக்குப் பார்க்காமல் கடன் வாங்காதே, சர்வீஸ் ஆள் இல்லாத மெஷினை வாங்காதே என்பதெல்லாம் இங்கே யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. மற்றதைச் சொல்கிறேன்.

கை அறிந்ததைக் கேட்காமல் மெஷின் வாங்குவது

மெஷின் விஷயமாக நான் டீலரிடம் பேசினேன், பேங்கில் பேசினேன், ஆடிட்டரிடம் பேசினேன். மாஸ்டரிடம் பேசவில்லை. லாரியில் வந்து இறங்கிய அன்றுதான் அவருக்கே தெரியும். இருபது வருடம் எங்களோடு இருந்தவர். "இனி எனக்கு என்னங்க வேலை?" என்று ஒரே ஒரு தடவை கேட்டார். "பார்த்துக்கலாம் மாஸ்டர்" என்றேன். சனிக்கிழமை சம்பளம் வாங்கிக்கொண்டு போனவர் திங்கட்கிழமை வரவில்லை.

அவரோடு என்ன போனது என்பது மூன்று வாரம் கழித்துத் தெரிந்தது. பின்னல் துணி ரோலில் இழுபட்டபடியே இருக்கும். பிரித்துப் போட்டால்தான் தளரும். லைக்ரா கலந்த துணி என்றால் ஒரு நாளாவது கிடக்க வேண்டும். மாஸ்டர் ரோலைப் பிரித்து உள்ளங்கையால் தடவுவார், ஓரத்தைப் பிடித்து இழுத்து விடுவார். "இது இன்னிக்கு வேண்டாம், நாளைக்கு வெட்டலாம்" என்பார். சில துணிக்கு உயரத்தில் கொஞ்சம் கூட விட்டு வெட்டுவார். எந்த டையிங் பட்டறையிலிருந்து வந்த துணி எவ்வளவு சுருங்கும் என்பது அவர் கைக்குத் தெரியும். அதை அவரும் எழுதி வைத்ததில்லை, நாங்களும் எழுதச் சொன்னதில்லை.

மெஷின் கொடுத்த அளவுக்கு அச்சு அசலாக வெட்டியது, தளராத துணியை. செக்கிங் டேபிளில் நானே டேப் பிடித்தேன். உயரத்தில் 2 சென்டி குறைந்தது. அடுத்த பீஸிலும் அதே 2 சென்டி. மொத்தம் 6,000 பீஸ். திரும்பத் துணி ஓட்டி, சாயம் போட்டு, இரவு ஷிப்டில் தைத்து, கப்பலில் போக வேண்டிய சரக்கை விமானத்தில் ஏற்றினேன். அந்த வருட லாபம் அதிலேயே போனது. இன்றும் ஆத்திரம் வருவது பணத்தை நினைத்து அல்ல. அவரிடம் கேட்க ஒரு டீ குடிக்கிற நேரம் போதுமாயிருந்ததே!

அட்வான்ஸ் கொடுக்கும் முன்பே, யார் வேலை மாறப் போகிறதோ அவரை டெமோவுக்குக் கூட்டிப் போங்கள். இனி அவர் பொறுப்பு என்ன, சம்பளம் என்ன என்பதை அன்றைக்கே வாய் திறந்து சொல்லுங்கள். பீஸ் ரேட்டில், அதாவது பீஸ் கணக்கில் கூலி வாங்கும் ஆட்களுக்குக் கற்றுக்கொள்ளும் மாதங்களில் வேகம் குறையும், கூலியும் குறையும். அந்த நஷ்டத்தைக் கம்பெனிதான் ஏற்க வேண்டும். அப்புறம், ஒவ்வொரு துணிக்கும் எத்தனை மணி நேரம் தளர விட்டது, எவ்வளவு கூட விட்டது, துவைத்தபின் என்ன அளவு என்று மாஸ்டர் சொல்லச் சொல்ல எழுதுங்கள். நாளைக்கு ஏஐ சாஃப்ட்வேர் வாங்கினாலும் அதற்குக் கொடுக்க இந்தக் கணக்குதான் இருக்கும்.

தம்பியிடம் இதையெல்லாம் சொல்லிவிட்டுத்தான் வந்தேன்.

சலுகைக்காக அவசரப்படுவது

ஏற்றுமதி செய்கிறவர்களுக்காக மத்திய அரசு வைத்திருக்கும் இபிசிஜி திட்டத்தில், வெளிநாட்டு மெஷினைச் சுங்க வரியில்லாமல் இறக்கலாம். ஆனால் மிச்சமான வரியைப் போல 6 மடங்கு ஏற்றுமதியை 6 வருடத்தில் செய்து காட்ட வேண்டும். ஆர்டர் படுத்துவிட்டால் அந்தக் கணக்கு கழுத்தைப் பிடிக்கும்.

'திடீர்னு வந்துருச்சு' என்பது

2011 ஜனவரியில் உயர் நீதிமன்ற உத்தரவால் 700-க்கும் மேற்பட்ட சாயப்பட்டறைகள் மூடப்பட்டபோது ஊரே இப்படித்தான் சொன்னது. சாயக் கழிவை நொய்யல் ஆற்றில் விடக் கூடாது என்று அதே நீதிமன்றம் 2006-லேயே கெடு வைத்திருந்தது. எப்படியும் நீட்டிப்பார்கள் என்று உட்கார்ந்திருந்தோம்.

இப்போது இன்னொரு கெடு ஓடுகிறது. ஐரோப்பிய யூனியனில் 2024 ஜூலையில் அமலுக்கு வந்த சட்டத்தில், பொருள்களுக்கு டிஜிட்டல் பாஸ்போர்ட், அதாவது பொருள் எதில், எப்படி உருவானது என்று காட்டும் கம்ப்யூட்டர் பதிவு கேட்கப் போகிறார்கள். முதல் வரிசையில் துணிமணியும் இருக்கிறது. நூல் லாட் நம்பரையும் டையிங் பில்லையும் ஆர்டர் வாரியாக ஒரே இடத்தில் போட்டு வைக்க இன்றைக்கே ஆரம்பிக்கலாம். அதற்கு ஒரு கம்ப்யூட்டரும் பொறுப்பான ஒரு ஆளும் போதும்.

ஒரே நாட்டை நம்பியிருப்பது

2025 ஆகஸ்ட் 27, இந்தியச் சரக்கு மேல் அமெரிக்கா போட்ட கூடுதல் வரி 50 சதவீதம் ஆன நாள். அமெரிக்க ஆர்டரை மட்டும் நம்பியிருந்தவர்களுக்கு இதற்கு மேல் சொல்ல வேண்டியதில்லை.

தமிழில் மட்டும் சொல்லிக்கொடுப்பது

பவர் டேபிளில், அதாவது தையல் மெஷினில் உட்கார்ந்திருப்பவர் ஒடியா பேசுகிறார். ஸ்கிரீனில் ஆங்கிலம், சூப்பர்வைசர் வாயில் தமிழ். பயிற்சி நாளில் அவர் மொழி தெரிந்த ஒரு டெய்லரைப் பக்கத்தில் நிறுத்துங்கள். அன்றைய ஷிப்ட் சம்பளத்தை இருவருக்கும் குறைக்காதீர்கள்.